விஜயதசமியன்று அண்ணன் மாற்றிய பிரேக்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அண்ணன் போய் ஓராண்டு ஆகிறது. “அண்ணன் சாந்த சொரூபி என்று எழுதும்மா” என்று சிலர் சொன்னார்கள். சாந்தமாவது ஒன்றாவது! அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவருடைய ஸ்பேனரை யாராவது இடம் மாற்றி வைத்துவிட்டால் வீடு ரெண்டுபடும். அதை மறைத்துவிட்டு எழுதினால், நான் சொல்லப்போகும் நாளின் அருமை உங்களுக்கு விளங்காது.

அண்ணன் பிறந்தது கோவை சிங்காநல்லூரில். அப்பா தவறியபோது அவர் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்கவில்லை. லேத் பட்டறையில் நின்று என்னைப் படிக்க வைத்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புனேயில், சிஞ்ச்வட்டில் உள்ள ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டார். எனக்குக் கல்யாணம் செய்து வைத்தார். தான் கட்டிக்கொள்ளவில்லை. கேட்டால், “அதான் வண்டி வாங்கியிருக்கறனே, அது போதாதா?” என்று தன் பழைய காரைக் காட்டுவார்.

என் மகள் பிறந்தபோது அவள் இதயத்தில் ஓட்டை இருந்தது. மும்பை மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்குச் சேரச் சொன்ன நாள், விஜயதசமிக்கு மறுநாள். குழந்தைக்குச் சளி, காய்ச்சல் வந்தால் தேதி தள்ளிப்போகும், தள்ளினால் ஆபத்து, ரயிலிலும் பஸ்ஸிலும் கூட்டத்தில் கொண்டுபோகாதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் கணவர் அப்போது துபாயில். அண்ணனின் கார்தான் கதி.

அந்தக் காரில் பிரேக்கை மிதித்தால் பெடல் அதிர்ந்தது. முன்சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டுகள், அதாவது டிஸ்க்குகள், தேய்ந்து மெலிந்துவிட்டன. அவற்றை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பேடுகளும் தீரும் தறுவாயில் இருந்தன. மும்பை போகும் வழியில் உள்ள கண்டாலா மலைப்பாதையில் அப்படி இறங்க முடியாது. புது டிஸ்க்குகளும் பேடுகளும் வாங்கி வந்தார். மெக்கானிக்கிடம் விடலாமே என்றேன். “பாப்பா போற வண்டி அம்மிணி. இன்னொருத்தன் கையில உடமாட்டேன்” என்று முடித்துவிட்டார்.

ஆனால் அவர் வாங்கி வந்த நாள் ஆயுத பூஜை. கருவிகளைச் சாமி முன் வைத்துவிட்டால் மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஜாக்கியும் ஸ்பேனர்களும் பூஜையில் உட்கார்ந்தன. கூடவே புது டிஸ்க்குகளும் பேடுகளும். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

விஜயதசமி காலையில், சொசைட்டி என்று சொல்லும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்தத்தில் வேலை தொடங்கியது. துருப்பிடித்துப் போயிருந்த பழைய டிஸ்க்குகள் லேசில் கழன்று வரவில்லை. மரச்சுத்தியால் சுற்றிச் சுற்றித் தட்டினார். புது டிஸ்க்குகளைப் பிசுக்கு நீக்கும் தின்னர் போட்டுத் துடைத்து மாட்டி, பேடுகளையும் பொருத்தினார். மத்தியானம் தாண்டி எல்லாம் முடிந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும், பக்கத்தில் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தோம். வாசல் கேட்டுக்கு இறங்கும் சரிவில் வண்டியை ஓட்டிப் பார்த்தார்.

வண்டி நிற்கவில்லை!

பிரேக்கை மிதித்தும் சரிவில் வழுக்கிக்கொண்டே போனது. காவலாளி நாற்காலியை விட்டுத் துள்ளி ஓடினார். அண்ணன் கைப்பிரேக்கை இழுத்தார். பம்பர் நாற்காலியை இடித்துத் தள்ளிவிட்டு நின்றது. விடிந்தால் மலைப்பாதை. உதிரிபாகக் கடைக்காரர்களோ தசரா பூஜையை முடித்து ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

அண்ணன் மறுபடி சக்கரத்தைக் கழற்றினார். அதற்குள் சொசைட்டியில் பாதிப்பேர் கூடிவிட்டார்கள். அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். என் காதோரம் கிசுகிசுத்தார்.

“கண்ணு, நாந்தான் அதுக்கெல்லாம் பொட்டு வெச்சேன். குங்குமம் உதுரக்கூடாதுன்னு நல்லெண்ணெயில கொழச்சு, நெறயா வெச்சேன். அண்ணன் பாத்தா சத்தம் போடுவான்னு காத்தால தொடச்சுப்போட்டனே!”

குங்குமம்தான் போயிருந்தது. எண்ணெயை அந்தப் பேடுகள் குடித்துவிட்டிருந்தன.

அண்ணன் ஒரு பேடை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். கருகிய நல்லெண்ணெய் வாசம் எனக்கே அடித்தது. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இதோ வெடிக்கப்போகிறது என்று நான் குழந்தையை இறுக்கிக்கொண்டேன்.

அண்ணன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, கிரீஸ் கையோடு தானே பேடைத் தொட்டுவிட்டதாக இந்தியில் சொன்னார்.

சொசைட்டி செயலாளர் விடவில்லை. தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர் இப்படியா செய்வது, குழந்தை விஷயத்தில் விளையாட்டா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். தன் வேலையில் ஒரு குறை சொன்னால் பொறுக்காத மனிதர், தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு அம்மாவிடம், “வெயில்ல நிக்காதீங்க. உள்ள போய் உக்காருங்கம்மா” என்றார். அவ்வளவுதான்.

மேல் மாடியில் இருந்த மராத்திக்காரரை நாங்கள் காகா, அதாவது சித்தப்பா, என்போம். அவரிடமும் அதே மாடல் கார். அன்று காலைதான் அதற்குப் பூஜை போட்டிருந்தார். செண்டுமல்லி மாலை வாடக்கூட இல்லை. அவர் போய், மாலை போட்ட அந்தக் காருக்கு ஜாக்கி கொடுக்க ஆரம்பித்தார். அண்ணன் ஓடிப்போய்த் தடுத்தார்.

“மேரி காடி கடீ ரஹேகி. தும் ஜாவ்” என்றார் காகா. என் வண்டி நிற்கட்டும், நீ போ என்று அர்த்தம்.

கழற்றிய பேடுகளைக் காகா அப்படியே கொடுக்கவில்லை. தசராவன்று ஆப்டா என்ற மரத்தின் இலையைப் பொன் என்று சொல்லிக் கொடுப்பது இங்கே வழக்கம். ஒரு இலையை மேலே வைத்து, “ஸோன க்யா”, பொன் வாங்கிக்கொள், என்று அண்ணன் கையில் தந்தார். அண்ணன் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். டிஸ்க்குகளை மறுபடி தின்னரால் கழுவி, காகாவின் பேடுகளை மாட்டி, இருட்டுவதற்குள் அதே சரிவில் திரும்பத் திரும்ப ஓட்டினார். வண்டி சொன்ன இடத்தில் நின்றது.

விடியற்காலையில் கிளம்பினோம். மலைப்பாதை வளைவுகளில் அம்மா கண்ணைத் திறக்கவே இல்லை. நான் அண்ணனின் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் வண்டி பிடித்தது. என் மகள் பிழைத்தாள். இன்று பள்ளியில் ஓட்டப்பந்தயம் ஓடுகிறாள்.

அதற்குப் பிறகு அம்மா அந்தப் பேச்சை எடுத்தாலே, “டீ இருக்குதுங்களாம்மா?” என்று அண்ணன் எழுந்துவிடுவார். கல்லீரல் நோய் முற்றி மருத்துவமனையில் கிடந்தபோதும் அப்படித்தான். கடைசிவரை அம்மாவை அதைச் சொல்ல விடவில்லை.

அந்த நாட்களில் இரவு பகல் பாராமல் உடனிருந்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், கோவையிலிருந்து ஓடி வந்த சொந்தங்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாதபோது சாப்பாடு கொடுத்தனுப்பிய காகா குடும்பத்துக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

கடைசியாகக் குளிப்பாட்டும் முன், நம் வழக்கப்படி எல்லோரும் அண்ணன் தலையில் எண்ணெயும் தலை தேய்க்கும் அரப்பும் வைத்தோம். நல்லெண்ணெய்க் கிண்ணம் அம்மாவிடம் வந்தது. விரலை நனைத்தவர் வைக்க முடியாமல் அப்படியே நின்றார். பிறகு அண்ணன் முகத்தருகே குனிந்தார்.

“ஒருக்கா திட்டிப்போடு சாமி. இப்பவாச்சும் திட்டிப்போடு.”