அண்ணன் படகை இழுக்க ஒரு கொக்கி

என் அண்ணன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. படகு மட்டும் திரும்பி வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு பழைய இரும்புக் கொக்கியோடு நான் ஏன் அப்படி மல்லுக்கட்டினேன் என்பது யாருக்கும் புரியாது.

நண்டு வலை எடுக்கப் போனவன். கூடப் போகிறவருக்கு அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல், அதனால் தனியாகப் போனான். மத்தியானம் பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் அவன் படகைக் கயிறு கட்டி முகத்துவாரம் வழியாக இழுத்து வந்தார்கள். உள்ளே பாதி எடுத்த வலை இருந்தது. மூடி திறக்காத தூக்குவாளி இருந்தது. அவன் இல்லை. ஊரே படகெடுத்துத் தேடிப் பார்த்துக் கைவிட்டது. உடம்பு கிடைத்திருந்தால் மாரில் அடித்துக்கொண்டு அழுது முடித்திருப்போம். கிடைக்காத மனுஷனுக்கு எப்படி அழுவது? அண்ணி பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. கேட்கிற தைரியம் குப்பத்தில் ஒருத்தருக்கும் வரவில்லை.

எங்கள் வீட்டில் மூன்றே பேர். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை, எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அண்ணி சமையலில்தான் நான் வளர்ந்து தொப்பை போட்டேன். அதன் பிறகு இரண்டு பேர் ஆனோம். நெட்டுக்குப்பத்து மணலில் அந்தச் சின்ன ஃபைபர் படகு, தன் மூக்கு கடலைப் பார்த்தபடி, நீலத் தார்ப்பாய்க்கு அடியில் நின்றுகொண்டிருந்தது. ஒரு வருஷம் தாண்டியது. அடுத்த மழைக்காலமும் வந்து போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவிக்கொண்டே அண்ணி சொன்னார்.

"தம்பி, போட்ட குட்த்துடலாம். பயவேற்காட்டுல ஒருத்தர் கேக்குறாரு."

நான் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டேன். படகைக் கொடுத்துவிடலாம் என்றால் அவன் வரமாட்டான் என்று அர்த்தம். அதை அண்ணி வாயால் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எஞ்சினு மாட்டி நானே ஓட்டிகினு போயி வுட்டுட்டு வரேன்" என்றேன்.

"வேணாம். அது மறுபடி நம்ம கடல்ல எறங்கக் கூடாது. ரோட்டு மேலயே போவட்டும்."

வாங்குகிறவரிடம் படகை ஏற்றி இழுத்துப் போகிற இரண்டு சக்கர ட்ரெய்லர் இருந்தது. அதை இழுக்கத்தான் கார் இல்லை. லாரியில் தூக்கிப் போடலாமே என்று குப்பத்தில் ஒருவர் யோசனை சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "இன்னா மாமு, எங்கண்ணன் போட்டு இன்னா மீன் பொட்டியா? என் வண்டிலதான் போவும்" என்று கத்திவிட்டேன். என் வண்டி, இரண்டு கை மாறி வந்த பழைய எஸ்யூவி. கத்தி முடித்த பிறகுதான் அதன் பின்னால் கொக்கியே கிடையாது என்பது நினைவுக்கு வந்தது. என் கோபம் எப்போதும் இப்படித்தான், எனக்கு முன்னால் ஓடிப்போய் வேலை வாங்கிவைத்துவிடும்.

எனக்குத் தொழில் எர்ணாவூரில், கன்டெய்னர் ட்ரெய்லர்களுக்கு வெல்டிங் வேலை. நாற்பதடிப் பெட்டியைத் தாங்குகிற இரும்பைத் தினமும் பார்க்கிறவனுக்குக் காரின் பின்னால் மாட்டுகிற கொக்கி விளையாட்டுச் சாமான். திருவொற்றியூரில் ஒரு காயலான் கடையில் அது கிடைத்தது. குறுக்கே ஒரு கனத்த சட்டம், நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கை, கையின் நுனியில் எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஓர் இரும்பு உருண்டை. இழுபடுகிற வண்டியின் கிண்ணம் அந்த உருண்டைமேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். எல்லாம் துருப்பிடித்துப் பொரிபொரியாக இருந்தது.

கடைக்கார அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கத்து ஆள். "பெரிய பங்களா வண்டில கெடந்தது, தம்பி. கடல்ல சறுக்கி வெளையாடுத மோட்டார் வச்சிருக்காங்கள்லா, அத இழுத்தது. நீங்க எத இழுக்கப் போறீய?" என்று கேட்டார்.

"போட்டு."

"பேஷ். பிள்ளைகளோட உல்லாசமா சுத்தலாம்."

அவர்மேல் என்ன தப்பு? தலையை ஆட்டிவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குப் பக்கவாட்டில், துணி காயப்போடும் இடத்தில் வைத்து வேலையை ஆரம்பித்தேன். முதலில் மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சுண்ணாம்புத் தூள் பூசினேன். இரும்பில் கீறல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து வெள்ளைமேல் கோடு போட்டுக் காட்டிக்கொடுக்கும். கையும் சட்டமும் சேருகிற மூலையில் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. கீறல் என்றால் வேலை அதிகம். வேலை அதிகம் என்றால் படகு இன்னும் கொஞ்ச நாள் மணலில் நிற்கும்.

கீறலைத் தோண்டி எடுத்து, வெல்டிங் வைத்து, ஆறவிட்டு, மறுபடி சுண்ணாம்பு பூசிப் பார்த்தேன். உருண்டை ஒரு பக்கம் தேய்ந்திருந்தது, புதிதாக வாங்கி வந்தேன். பிறகு கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் துருவைச் சுரண்டினேன். சாயங்காலம் இரும்பு பளபளவென்று வெளுத்துக் கிடந்தது. அதன்மேல் அப்போதே ரெட் ஆக்சைடு அடித்துவிட வேண்டும், எண்ணூர்க் காற்றில் பச்சை இரும்பை ஒரு ராத்திரி திறந்துவிட்டால் உப்பு ஏறிக் காலையில் பழுத்துப்போகும். பட்டறையில் யாராவது அப்படி விட்டால் நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பேன்.

நான் அடிக்கவில்லை. பெயின்ட் டப்பாவை அப்படியே மூடிவைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். காலையில் கொக்கி முழுக்கப் பழுப்பு. மறுபடி சுரண்டினேன். சாயங்காலம் மறுபடி விட்டேன்.

"இன்னா தம்பி, இன்னும் ஆவலியா?" என்று அண்ணி கேட்பார்.

"துரு போவ மாட்டேங்குது அண்ணி. பேஜாரா கீது."

"ம்."

அந்த "ம்"மைக் கேட்டாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். இருபது வருஷம் மீனவனோடு குடும்பம் நடத்தியவர். நங்கூரத்துக்கும் எஞ்சின் தாங்கிக்கும் எப்போது எதைப் பூச வேண்டும் என்று அண்ணனுக்கே ஞாபகப்படுத்துகிறவர். அவரிடம் போய் உப்புக் காற்றைப் பற்றிக் கதை விட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலையில் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போனால் கொக்கி சிவப்பாக இருந்தது. முழுக்க ரெட் ஆக்சைடு. பிரஷ் பிடித்துப் பழகாத கை, அங்கங்கே வழிந்து திட்டுத்திட்டாக நின்றிருந்தது. ஆனால் ஒரு மூலையையும் விடவில்லை. அண்ணி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். விரல் இடுக்குகளில் சிவப்பு.

"நீ சொரண்டிகினே இரு, அது பயுத்துகினே இருக்கட்டும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "குட்த்துடணும்னு எனக்கு மட்டும் ஆசையா தம்பி? தெனம் காலைல கதவத் தொறந்தா அந்தப் போட்டு மூஞ்சிலதான் முழிக்கிறேன். அத்தப் பாத்தா வருவாருன்னு தோணுது. வர மாட்டாரு. என்னால முடியல."

நான் கிரைண்டரைக் கீழே வைத்தேன். அவரைவிட எனக்குத்தான் துக்கம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நான் நாளைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஒவ்வொரு நாளையும் அவர்தான் அந்தப் படகின் எதிரே உட்கார்ந்து கழித்திருக்கிறார்.

அதற்கப்புறம் வேலை ஓடியது. கறுப்பு பெயின்ட் அடித்தேன். வண்டியை ஜாக்கியில் தூக்கி முட்டுக்கொடுத்து, அடியில் மல்லாந்து படுத்து, சேஸிஸ் சட்டத்தில் துளை போட்டேன். இரும்புத்தூள் கண்ணில் விழுந்தது, அந்தச் சாக்கில் கொஞ்சம் அழுதேன். போல்ட்டுகளை முழு பலத்தோடு முறுக்கி, பின்விளக்குக்கு வயர் இழுத்து, உருண்டையில் கிரீஸ் தடவினேன். கடைசியில் கொக்கிமேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தேன். என் தொப்பைக்கே அது அசையவில்லை.

படகு போகிற அன்று குப்பமே கூடிவிட்டது. ஆண்கள் தோள்கொடுத்துப் படகைத் திருப்பினார்கள். இத்தனை நாள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த மூக்கு முதல் தடவையாக ஊர்ப்பக்கம் திரும்பியது. வாங்குகிறவர் அனுப்பியிருந்த ட்ரெய்லரில் ஏற்றிக் கட்டினோம். கிண்ணம் உருண்டைமேல் டக்கென்று உட்கார்ந்தது. சங்கிலியை மாட்டினேன்.

எங்கள் பக்கம் எந்தப் புதுச் சாமானையும் பொட்டு வைக்காமல் ஓட்ட மாட்டோம். எங்கள் வீட்டில் அது எப்போதும் அண்ணியின் வேலை. எஞ்சின் வாங்கியபோதும் புது வலை இறக்கியபோதும் அவர்தான் வைத்தார். என் வண்டி வந்தபோதும் அவர்தான். வைத்து முடித்ததும் விரலில் மிச்சமிருக்கும் குங்குமத்தைத் தன் நெற்றியிலும் தாலியிலும் ஒற்றிக்கொள்வார். "வண்டிக்கு வச்சத வுட உனுக்குதான் ஜாஸ்தி வச்சிகினே" என்று அண்ணன் கிண்டல் செய்வான்.

அன்றைக்கு யார் வைப்பது? கூட்டத்தில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணி கையால் வைக்கலாமா, கூடாதா? நான் யாரையும் கேட்கவில்லை. குங்குமக் கிண்ணத்தை நேரே அண்ணியிடம் நீட்டினேன்.

வாங்கிக்கொண்டார். குனிந்து கொக்கியின் கறுப்புச் சட்டத்தில் ஒரு பொட்டு வைத்தார். படகின் மூக்கில் ஒரு பொட்டு வைத்து, அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையால் தடவிக் கொடுத்தார். பிறகு நிமிர்ந்தார். வழக்கம்போல அவர் விரல் தன் நெற்றிக்குப் போனது.

பாதியில் நின்றது.

விரலைப் பார்த்தார். என் தோளில் கிரீஸ் துடைக்கிற அழுக்குத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முனையை இழுத்து, விரலை நிதானமாகத் துடைத்தார். நகக்கண்ணில் ஒட்டியிருந்ததையும் விடவில்லை.

"ஓரமா பாத்துப் போ தம்பி" என்றார்.

ஓட்டினேன். பழவேற்காடு வரைக்கும் கொக்கி ஒரு முனகல் முனகவில்லை. வாங்கியவர் படகை இறக்கிக்கொண்டு, நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் என்று கொக்கியைத் தட்டிப் பாராட்டினார். வெறும் வண்டியோடு திரும்பி வந்தேன்.

அண்ணி கதவைத் திறந்தார். குளித்திருந்தார். நெற்றியில் ஒன்றும் இல்லை, கழுத்தில் ஒன்றும் இல்லை.

"கை கயுவிகினு வா, சோறு ஆறுது" என்றார்.

என் அண்ணன் செத்துப்போய்விட்டான். வாசற்படியிலேயே உட்கார்ந்து, குப்பத்துக்கே கேட்கிற மாதிரி நான் அவனுக்காக அன்றுதான் அழுதேன்.