மேலாளரின் வெள்ளைச் சட்டை

எங்கள் தெருவில் சலவைக்கடை வைத்திருக்கும் அக்காவுக்கு மறதி என்பதே கிடையாது. ஆலைப் புகையில் இருமி இருமியே அவள் கணவர் போய்ச் சேர்ந்தார். "அவருக்கு நெஞ்சு பலவீனம்" என்று கைகழுவிவிட்டார் ஆலை மேலாளர். அந்த மனிதரின் சட்டைகளைத்தான் மூன்று வருடம் வாய் திறக்காமல் துவைத்தாள். "மாடியில காயப்போடாதேம்மா, வீட்டுக்குள்ளயே காயட்டும்" என்பது அவர் உத்தரவு.

ஆலையை விரிவாக்க ஊர்க்கருத்துக் கேட்கும் கூட்டம் வந்தது. துணி மூட்டையோடு எதிர்ப்பு மனுவையும் சுமந்து, முந்நூறு கையெழுத்து வாங்கினாள். கூட்டத்துக்கு முந்தைய நாள் மேலாளரின் வெள்ளைச் சட்டையை மொட்டை மாடியில் முதுகுப்பக்கம் மேலே தெரிய விரித்துப்போட்டாள். பிறகு முன்பக்கம் மட்டும் தெரியும்படி மடித்துக் கொடுத்தாள்.

"எங்க புகையில ஒரு தூசிகூட இல்ல" என்று மேடையில் முழங்கிய மேலாளர், படம் காட்டத் திரையின் பக்கம் திரும்பினார். முதுகெல்லாம் கரும்புள்ளி. கூட்டம் கொல்லென்று சிரித்தது. பக்கத்திலிருந்தவர் விஷயத்தைக் காதில் சொன்னதும் மேலாளர் அக்காவைப் பார்த்து உறுமினார்:

"என் சட்டைய என்ன பண்ணே?"

"நீங்க வேணாம்னு சொன்ன மாடியிலதான் காயப்போட்டேன் சார். ஒரே ஒரு பகல். இதே புகையிலதான் என் வீட்டுக்காரர் இருபது வருஷம் மூச்சு விட்டாரு."