வெர்லின் பிடித்து வைத்த இடங்கள்

என் அக்கா புருஷன் வெர்லின் ஸ்ட்ரௌட் வீட்டில் பேசிய பேச்சை எல்லாம் சேர்த்தாலும் ஒரு தபால் அட்டை நிரம்பாது. மிசௌரியில் எங்கள் வட்டாரத்துப் பண்ணை வீடுகளுக்கு எரிவாயு கொண்டுபோகும் லாரி ஓட்டினார். தொட்டியை நிரப்புவார், கையை ஆட்டுவார், கிளம்பிவிடுவார். கல்யாணத்துக்கு முன்னால் என் அப்பா, "இவன் ஊமையா, இல்ல நம்மள மதிக்கலையா?" என்று கேட்டார். அதற்கு என் அக்கா ஒலீட்டா, "சனிக்கிழமை மைதானத்துக்கு வந்து பாருங்கப்பா. அப்புறம் இவர் வாயை மூட ஆள் தேடுவீங்க" என்றாள்.

அவள் சொன்னது உண்மைதான். எங்கள் ஊர்க் கல்லூரி மைதானத்தின் கிழக்குப் பக்கத்தில், கூரையில்லாத மேல்வரிசையில், அலுமினிய பெஞ்சில் உட்கார்ந்ததும் அவருக்குச் சாமி வந்துவிடும். ஃபுட்பால் நடுவரின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார். எங்கள் பையன் ஒருத்தன் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டால், முன்பின் தெரியாதவனைக் கட்டிப்பிடித்து அழுவார். இடைவேளையில் மட்டும், கீழே பேண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருக்கும்போதே, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு பெஞ்சில் நீட்டிப் படுத்து ஒரு குட்டித் தூக்கம் போடுவார். பக்கத்து வரிசைக்காரர்கள் கடலைத் தோலை அவர் வயிற்றின் மேல் குவித்து வைப்பார்கள். எழுந்து, தட்டிவிட்டு, வாய் விட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை அக்கா வீட்டில் நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த மனிதர் வாழ்ந்தது வாரத்தில் ஒருநாள், அந்த பெஞ்சில்தான்.

பிறகு கூட்டம் கலைய ஆரம்பித்தது. அணி தோற்றுக்கொண்டே இருந்தது. டிவிக்காரர்கள் தங்கள் வசதிக்காக ஆட்டத்தைக் காலை பதினொரு மணிக்குத் தள்ளினார்கள். வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம் அது. எங்களுக்கும் புத்தி வந்துவிட்டதாக நினைப்பு. மைதானத்துக்கு வெளியே, வண்டிகள் நிற்கும் இடத்தில் கூடாரம் போட்டோம். நிழலில் பெரிய டிவியை வைத்தோம். தணலில் பன்றி விலா வெந்துகொண்டிருக்கும், பெட்டி நிறைய பீர் இருக்கும். கல்யாணத்துக்குப் போய் தாலி கட்டுவதைப் பார்க்காமல் பந்தியில் மட்டும் உட்கார்ந்துவிட்டு வருவது மாதிரி, ஆட்டத்துக்குப் போவோம், ஆனால் உள்ளே போகமாட்டோம். கையில் டிக்கெட் இருந்தும் போகமாட்டோம். வெர்லின் மட்டும் ஒவ்வொரு முறையும் தனியாக எழுந்து உள்ளே போவார்.

காலி பெஞ்சுகளைப் பார்த்துக் கல்லூரிக்கும் கவலை வந்தது. "பார்வையாளர் அனுபவத்தை மேம்படுத்த" கிரேடன் வைஸ் என்று ஒருவரை வேலைக்கு வைத்தார்கள். சிரித்த முகம், நல்ல மனிதர், சும்மா சொல்லக்கூடாது. வீடு அகலத்துக்கு ஒரு திரை வைத்தார். பேண்டு வாத்தியத்தையே விழுங்கிவிடுகிற ஒலிபெருக்கிகள் வைத்தார். ஆட்டம் சற்று நின்றாலும் போதும், திரையில் வேடிக்கை ஆரம்பமாகிவிடும். முத்தம் கொடுக்கிற ஜோடி, ஆடுகிற குழந்தை, கொட்டாவி விடுகிற கிழவர் என்று கேமரா தேடித்தேடிக் காட்டும். கடைசியாக, கிழக்கு மேல்வரிசையைப் பிய்த்தெடுத்துவிட்டு நிழலும் மதுக்கடையுமாக, ஆட்டம் பார்க்கிறவர்களுக்கு ஒரு மேடை கட்டப்போவதாக அறிவித்தார்.

அதைப் பற்றி ஊரின் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம் போட்டார்கள். வெர்லின் எழுந்து நின்றார். அந்த பெஞ்சுக்கு வெளியே, நாலு பேர் முன்னால் அவர் வாய் திறந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஆளுங்க வந்தா விட்டுடுவீங்களா?"

"கட்டாயம் விட்டுடுவோம்" என்றார் வைஸ். "முதல் மூணு ஆட்டம் பார்க்கிறோம். பெஞ்சு நிறைஞ்சா அதுல கை வைக்க மாட்டோம்."

முதல் இரண்டு ஆட்டங்களுக்கும் வெர்லின் எங்களைக் கெஞ்சினார். பேசத் தெரியாத மனிதர் கெஞ்சுவதைப் பார்ப்பது கொடுமை. நாங்களோ ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு சொன்னோம். மூன்றாவது ஆட்டத்தன்று சூரியன் காலையிலேயே கொதித்தது. கூடாரத்தின் வாசலில் வந்து நின்றார்.

"இன்னைக்கு ஒருநாள் மட்டும் வாங்கப்பா. முதல் பாதி உக்காந்தா போதும்."

எத்தனையோ வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்த லானி டாக்கெட் விலா எலும்பைச் சப்பியபடி சொன்னான். "டேய் வெர்லின், இந்த வெயில்ல அந்தத் தகரத்துல உக்காந்தா என் பின்பக்கமும் வெந்துடும்டா. நீ போய் இடத்தைப் பிடி. முதல் கால்பகுதி முடிஞ்சதும் வந்துடறேன்."

"ஆமா மச்சான், எல்லாரும் வர்றோம். நீங்க முன்னாடி போங்க" என்றேன் நான்.

"கூட்டிட்டு வந்துடுவியா?" என்று ஒலீட்டாவைக் கேட்டார்.

"வர்றேன் சாமி, வர்றேன். என்னமோ உங்க பெஞ்சை யாரோ தூக்கிட்டு ஓடற மாதிரி!"

தூக்கிக்கொண்டு ஓடத்தான் போகிறார்கள் என்பது அவளுக்கும் தெரியும். வெர்லின் எங்கள் துண்டுகளையும் போர்வைகளையும் வாரிக்கொண்டார். ஆளுக்கு ஒன்று என்று மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு நடந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

முதல் கால்பகுதி முடிந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது கால்பகுதியில் பனிக்கட்டி தீர்ந்துபோய், நான் வண்டியை எடுத்துக்கொண்டு வாங்கப் போனேன். திரும்பி வந்தால் கூடாரமே சிரிப்பில் உருண்டுகொண்டிருந்தது.

"டேய் தம்பி, பாத்தியா, உன் மச்சான் டிவில வந்துட்டாரு!" என்று ஒலீட்டா ஓடி வந்தாள். மைதானத்தின் பெரிய திரை வெர்லினைக் காட்டியிருக்கிறது. தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு பெஞ்சில் நீட்டிப் படுத்திருக்கிறார். ஒலிபெருக்கியில் தாலாட்டு போட்டிருக்கிறார்கள். தலைக்கு மேலே குறட்டை விடுகிற மாதிரி பொம்மை எழுத்து வேறு. மைதானம் சிரித்ததை டிவியும் காட்டியிருக்கிறது. ஒலீட்டா அந்தப் படத்தைப் போனில் பிடித்து வைத்திருந்தாள். "இடம் பிடிக்கப் போன ராசா படுக்கை போட்டுட்டாரு பாரு!"

நான் போனை வாங்கிப் பார்த்தேன்.

"இடைவேளை விட்டாச்சா?"

"இன்னும் இல்லடா, நம்ம பையனுங்க பந்தோட ஓடிட்டிருக்கானுங்க" என்றான் லானி.

"ஆட்டம் நடக்கிறப்ப வெர்லின் எப்படா தூங்கினாரு?"

சிரிப்பு ஒவ்வொருவர் முகத்திலிருந்தும் வடிந்ததைப் பார்த்தேன். அத்தனை வருஷம் அவரோடு உட்கார்ந்தவர்கள், அவரோடு படுத்து எழுந்தவள், ஒருவருக்கும் அது தோன்றவில்லை. உள்ளே, பக்கத்து பெஞ்சில், யாராவது ஒருவர் உட்கார்ந்திருந்தால் தோன்றியிருக்கும்.

ஓடினோம். வாசலில் காவலுக்கு நின்ற பெண் டிக்கெட்டைப் போனில் காட்டச் சொன்னாள். ஒலீட்டா தப்புத் தப்பாக எண்ணை அழுத்தியதில் போன் திறக்கவே இல்லை. "எம் புருஷன் உள்ள கிடக்கிறாரும்மா!" என்று அக்கா அலறினாள். நான் கம்பியைத் தாண்டிக் குதித்தேன். பின்னாலேயே அந்தப் பெண்ணும் வாக்கிடாக்கியில் ஆள் கூப்பிட்டுக்கொண்டு ஓடி வந்தாள்.

மேல்வரிசையில் ஈ காக்கை இல்லை. வெர்லின் மட்டும் கிடந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் எங்கள் துண்டுகளும் போர்வைகளும் ஒழுங்காக விரித்துக் கிடந்தன. காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்திருந்தார். அதில் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. அது எங்களுக்கு என்று கொண்டு வந்தது. தொப்பியை எடுத்தேன். முகம் செக்கச் சிவந்து, சொட்டு வியர்வை இல்லாமல், அடுப்புக்கல் மாதிரி சுட்டது. மூடியைத் திருகி எல்லாத் தண்ணீரையும் அவர் மேல் ஊற்றினேன். கீழே நம் பையன்கள் டச்டவுன் போட்டார்கள். ஒலிபெருக்கி அதிர்ந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

பழியைத் தூக்கி வைஸ் தலையில் போட எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? லானியும் அதைத்தான் செய்தான், கல்லூரியைக் கோர்ட்டுக்கு இழுப்பேன் என்று குதித்தான். "நீ ஏண்டா போகல?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள் ஒலீட்டா. அதோடு அவன் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை விட்டுவிட்டான். அடுத்த ஆட்டத்துக்கு ஊரே கிழக்கு மேல்வரிசையில் போய் உட்கார்ந்து மௌன அஞ்சலி செலுத்தியது. அத்தனை கூட்டத்தைப் பல வருஷமாக அங்கே பார்த்ததில்லையாம். எனக்குக் காறித் துப்பவேண்டும் போல இருந்தது. இடைவேளைக்குள் பாதிப்பேர் கூடாரத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

பெஞ்சுகளைப் பிய்த்துவிட்டார்கள். மேடை எழுந்தது. நிழல் உண்டு, தண்ணீரைத் தூவுகிற மின்விசிறிகள் உண்டு. திறப்பதற்கு முன்பே டிக்கெட் எல்லாம் விற்றுவிட்டதாகக் கேள்வி.

திறப்பு விழாவுக்கு அழைக்க வைஸ் பூங்கொத்தோடு அக்கா வீட்டுக்கு வந்தார். மெலிந்து போயிருந்தார். இப்போதெல்லாம் அக்கா யாரிடமும் பேசுவதில்லை. நாற்காலியைக் காட்டினாள், அவ்வளவுதான். அவர் நுனியில் உட்கார்ந்தார்.

"நீங்க அவசியம் வரணும்மா. அவர் பேரைச் சொல்லித்தான் தொடங்கறோம். அவர் படத்தைப் பெரிய திரைல காட்டப்போறோம். மைதானமே எழுந்து நிக்கும்."

ஒலீட்டா பூங்கொத்தை அவர் மடியிலேயே திருப்பி வைத்தாள்.

"ஒரு தடவை காட்டிட்டீங்களேப்பா, போதும்" என்றாள். "ஊரே சிரிச்சுது. நானும்தான் சிரிச்சேன்."