பூட்டக்கா சொல்லாத பெயர்

எங்கள் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் நிலையத்தில் போன் எடுக்கும் அக்காவுக்குப் 'பூட்டு' என்று பட்டப்பெயர் வைத்தது பைலட் அண்ணன்தான். "இந்த வாய்க்குச் சாவி எங்கக்கா வச்சிருக்கீங்க?" என்று தினமும் சீண்டுவார்.

பத்தொன்பது வருஷமாக அக்காவின் வேலையே அதுதான். அடிபட்டது குழந்தையா, கிழவரா, யார் பெற்ற பிள்ளை என்று பைலட்டிடம் மூச்சு விடக் கூடாது. இடம், தூரம், வானிலை, அவ்வளவுதான். மனசு இளகி, மோசமான வானிலையிலும் கிளம்பினால் ஏறியவர்கள் எல்லோரும் போய்ச் சேர வேண்டியதுதான் என்பதால் வந்த விதி. கூடவே பறக்கும் நர்ஸான எனக்கே, கிளம்புவது முடிவான பிறகுதான் விவரம் வரும்.

அன்று மதியம் இரண்டு மணிக்கு, மலைக்கு அந்தப் பக்கம் லாரி மோதியதாக அழைப்பு வந்தது. எழுதிக்கொண்டிருந்த அக்காவின் பேனா ஒரு நொடி நின்றது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நாப்பது கிலோமீட்டர், மலைக்கு அந்தாண்ட. போக முடியுமாப்பா?"

அண்ணன் ஜன்னல் வழியே பார்த்தார். மேகம் மலையின் இடுப்புவரை இறங்கியிருந்தது. "முடியாதுக்கா. வழியே தெரியல."

அக்கா சாலை ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றவள், நகரவே இல்லை. "மொறைச்சா மேகம் போயிடுமாக்கா?" என்று அண்ணன் சிரித்தார்.

நாலரை மணிக்கு, ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே உயிர் போய்விட்டது. இறந்தவன் அண்ணனின் கூடப்பிறந்த தம்பி. வாராவாரம் வந்து எங்களோடு கேரம் ஆடிவிட்டுப் போகிறவன். போனில் பெயரைக் கேட்டபோதே அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நெஞ்சுல ஈரமே இல்லையா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"சொல்லியிருந்தா கெளம்பியிருப்பான். பின்னாடி சீட்டுல நீ உக்காந்திருப்ப" என்றாள்.

வீட்டில் எனக்கு இரண்டு பிள்ளைகள்.

மூன்று வாரம் கழித்து அண்ணன் வேலைக்கு வந்தார். நேரே அக்காவின் மேசை முன்னால் நின்றார்.

"அவன்தான்னு தெரியுமாக்கா?"

"தெரியும்பா."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. "தெக்குப் பக்கம், இருவது கிலோமீட்டர். போக முடியுமாப்பா?" என்று அக்கா கேட்டாள்.

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலையே அக்கா வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். போக வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அவன் வானத்தைப் பாத்துதான் பறக்கணும். என் மொகத்தைப் பாத்துப் பறக்கக் கூடாதும்மா."