இருவர் நிற்கும் குழி

எச்சிகோ மலைப்பாதையில் மட்சுயோவின் கொழுந்தன் தொகுஜி ரயிலில் அடிபட்டுச் செத்தான். அவளுக்குக் கல்யாணமான வருஷம் அது. தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் ஆளை விழுங்கும் உயரத்துக்குப் பனிச்சுவர். பாவி ஒதுங்க இடமில்லை. அதற்கப்புறம்தான், குளிர்காலத்தில் ஆண்கள் பட்டணத்துக்குப் பிழைக்கப் போனதும் பனி அள்ள வரும் பெண்கள் ஒரு வழக்கம் வைத்தார்கள். இருபது தப்படிக்கு ஒரு குழி. சுவரைக் குடைந்து, இருவர் ஒட்டி நிற்கும் அளவுக்கு.

புது நிலைய அதிகாரி இகராஷிக்கு அது பிடிக்கவில்லை.

"பாதையத் திறக்கச் சொன்னா சுவத்துல வீடு கட்டிட்டு இருக்கீங்க. இனிமே குழி வெட்டுறவ வீட்டுக்குப் போகலாம்."

"ஐயா, பனியில வண்டிச் சத்தமே கேக்காது," என்றாள் மட்சுயோ.

"எஞ்சின் ரெண்டு மணிக்குத்தான் வரும். நேரம் எனக்குத் தெரியாதா?"

தொகுஜியின் தங்கை யோஷினோ பனி அள்ளும் மரத்துடுப்பை ஊன்றிக்கொண்டு சொன்னாள்: "விடுங்க அண்ணி. ஐயாவப் பாத்தா எஞ்சினே சலாம் போட்டு நின்னுரும்."

பெண்கள் சிரித்தார்கள். ஆனாலும் அடுத்த குழியை யாரும் வெட்டவில்லை. அடுப்பு எரிய வேண்டுமே.

பனி தள்ளும் எஞ்சின் பதினொன்றுக்கே வந்தது. கன்னத்தில் காற்று அறைந்தபோதுதான் தெரிந்தது. மட்சுயோவும் யோஷினோவும் கடைசிக் குழிக்குள் பாய்ந்தார்கள். விரட்டி வேலை வாங்க வந்த இகராஷி தண்டவாளத்திலேயே மரமாக நின்றார். மட்சுயோ அவர் கோட்டைப் பிடித்து உள்ளே இழுத்தாள். இருவர் குழியில் மூவர். வெளியே துருத்தி நின்ற யோஷினோவின் தோளை, எஞ்சின் வாரியடித்த பனிக்கட்டி முறித்துப் போட்டது.

அவளைச் சறுக்குப் பலகையில் ஏற்றி அனுப்பினார்கள். இகராஷி கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"ஏதோ அதிர்ஷ்டம்," என்றார்.

மட்சுயோவுக்கு உச்சி கொதித்தது.

"அதிர்ஷ்டமா? அவ நிக்க வேண்டிய எடத்துல நீங்க நின்னீங்க. அவ அண்ணன இதே பாதையிலதான் வாரி எடுத்தோம். அதுக்கு என்ன பேரு வைப்பீங்க?"

தன் மரத்துடுப்பை அவர் கையில் திணித்தாள். "வெட்ட விடாத குழிய நீங்களே வெட்டுங்க. மூணு பேருக்கு வெட்டுங்க."

மற்றவர்கள் தங்கள் துடுப்புகளைப் பனியில் குத்தி நிறுத்திவிட்டு நின்றார்கள். கீழே பாதை திறக்கக் காத்து நின்ற பயணிகள் வண்டி ஊதிக்கொண்டே இருந்தது. இகராஷி சுற்றிலும் பார்த்தார். பிறகு குனிந்து வெட்டினார்.

அவர் வியர்த்து நிமிர்ந்தபோது மட்சுயோ உள்ளே போய் முதுகை ஒட்டி நின்று பார்த்தாள்.

"இன்னும் ஒரு முழம் போகணும். யோஷினோவோட தோளு வெளிய நிக்குது."