ஊற்றிய கையும் சொன்ன வாயும்

என் மூத்த மகள் பிறந்து நாலு மணி நேரம் உயிரோடு இருந்தாள். அவளை எங்கள் கோயில் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, வேலிக்காத்தான் புதருக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். உள்ளே இடம் இல்லாமல் இல்லை. பாதித் தோட்டம் எருக்கு முளைத்துக் காலியாகத்தான் கிடந்தது. உள்ளே வர அவளுக்குத் தகுதி இல்லை என்று தீர்ப்பாயிற்று. அந்தத் தீர்ப்புக்குச் சாட்சி சொன்னவள் நான்தான்.

இப்போதெல்லாம் கோயிலில் பெண்களுக்குக் கூட்டம் போட்டால் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். கஷ்ட காலத்தில் விசுவாசத்தை எப்படிக் காப்பாற்றினீர்கள், நாலு வார்த்தை சொல்லுங்கள் என்கிறார்கள். விசுவாசம் என்ன கோழிக்குஞ்சா, கூடையைக் கவிழ்த்துக் காப்பாற்ற? நான் எழுந்து பொதுவாக எதையோ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அங்கே சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் சேலம் டவுனில் பிறந்து வளர்ந்தவள். வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவில் ஒரே தெரு. ஞானோபதேச வகுப்பில் உபதேசியார் கேள்வியை முடிப்பதற்குள் பதிலை முடித்துவிடுவேன். மூன்று வருஷம் தொடர்ந்து பரிசு எனக்குத்தான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சநஞ்சம் இல்லை. சாகக் கிடக்கிற குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் யார் கொடுக்கலாம் என்று கேட்டால், குருவானவர் இல்லாத சமயத்தில் ஆணோ பெண்ணோ, பிற மதத்தவரே ஆனாலும் யாரும் கொடுக்கலாம் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். தண்ணீரை ஊற்றுகிறவரே வார்த்தைகளையும் சொல்ல வேண்டும் என்பதும் அதே பக்கத்தில்தான் இருந்தது. அதையும் ஒப்பித்திருக்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எனக்கு அது எந்த நாளில் உதவாமல் போயிற்று என்பதைச் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அவர் நாமக்கல்லிலிருந்து கரூர் போகும் பஸ்ஸில் கண்டக்டர். அவருடைய ஊர் பரமத்தி வேலூருக்கும் மோகனூருக்கும் நடுவில், காவிரிக்கரையில், சுற்றிலும் வெற்றிலைக் கொடிக்கால். எங்களைப் போன்ற வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் வீடு மொத்தமே ஏழு. ஓடு போட்ட சின்னக் கோயில், அதன் பின்னால் மதில் வைத்த கல்லறைத் தோட்டம். சாமியார் ஒருவர்தான், அவருக்கு ஐந்தாறு ஊர். எங்கள் ஊரில் தங்குவது வாரத்தில் இரண்டு நாளோ மூன்று நாளோ.

ஏழாம் மாசத்தில், பட்டப்பகலில் எனக்கு வலி எடுத்தது. அவர் பஸ்ஸில் இருந்தார். சாமியார் வேறு ஊர்ப் பூசைக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் ஓடிப்போய் மருத்துவச்சியைக் கூட்டி வந்தாள். ஊரில் பாதிப்பேரைத் தரையில் இறக்கிய கை அது. மாரியம்மன் கோயிலுக்குத் தீ மிதிக்கிறவள், நெற்றியில் எப்போதும் திருநீறு. ஒரு மணி நேரத்துக்குள் குழந்தை பிறந்துவிட்டது. என் இரண்டு உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான் இருந்தது. அழவில்லை. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். உதடு நீலம். மருத்துவச்சி என் முகத்தைப் பார்க்காமல் குழந்தையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

நஞ்சுக்கொடி இன்னும் விழவில்லை. ரத்தம் போய்க்கொண்டிருந்தது. எழுந்து உட்கார முடியவில்லை, கையைத் தூக்கினால் கை நிற்கவில்லை. சொம்பில் தண்ணீர் எடுத்து வந்து குழந்தையின் தலையில் மூன்று முறை ஊற்றச் சொன்னேன். ஏன், எதற்கு என்று அவள் கேட்கவில்லை. குழந்தையை இடது கையில் ஏந்தி, வலது உள்ளங்கையில் தண்ணீரை எடுத்தாள். நான் வார்த்தைகளைச் சொல்லப்போகிறேன், ஊற்றுங்கள் என்றேன். அப்போது அவள் கேட்டாள்:

"நானும் கூடவே சொல்லட்டுங்களா அம்மணி?"

"நீங்க சொல்லக் கூடாதுங்க. ஊத்துனாப் போதும்."

இதைத்தான் நான் சொன்னேன். மறந்து சொன்னேன், மயக்கத்தில் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். நெற்றியில் திருநீறு வைத்தவளின் வாய் அந்தப் பரிசுத்த வார்த்தையைச் சொல்வதா என்றுதான் தோன்றியது. யாரும் கொடுக்கலாம் என்பதை ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். வாய் ஒப்பித்ததை மனசு ஒரு நாளும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பது அன்றைக்குத்தான் வெளியே வந்தது. அவள் ஊற்றினாள். என் அம்மாவின் பெயரை வைத்து, பிதா சுதன் என்று நான் சொல்லி முடித்தேன். பொழுது சாய்வதற்குள் குழந்தை போய்விட்டது. அந்த நேரத்தில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. மோட்சத்துக்குப் போய்விட்டாள் என்று நினைத்தேன். ஊற்றுகிறவரே சொல்ல வேண்டும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் சாமியார் வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு என் வீட்டுக்காரர் போய்க் குழிக்கு இடம் கேட்டார். ஞானஸ்நானம் கொடுத்தது யார் என்று சாமியார் கேட்க, இவருக்கு விவரம் சொல்லத் தெரியவில்லை. அதனால் சாமியாரே சைக்கிளில் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வருவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் ஓடி வந்து, நடந்ததையும் விதியையும் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, என் காதோரம் குனிந்தார்.

"நாந்தான் ஊத்துனேன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு. அவரு என்ன கூட இருந்து பாத்தாரா?"

சாமியார் வாசற்படியில் நின்றே கேட்டார். தண்ணீர் தலையில் பட்டதா என்றார். பட்டது என்றேன். வார்த்தைகளைச் சரியாகச் சொன்னீர்களா என்றார். சொன்னேன் என்றேன். ஊற்றியது யார் என்றார். அவருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டு நின்றார். பொய் சொல்லியிருந்தால் உள்ளே ஆறடி இடம் கிடைத்திருக்கும். ஆனால் எனக்கு வேண்டியது இடம் இல்லை. கொடுத்த ஞானஸ்நானம் செல்லும், உன் பிள்ளை மோட்சத்தில் இருக்கிறாள் என்று அவர் வாயால் கேட்க வேண்டும். பொய்யைச் சொல்லி அந்த வார்த்தையை வாங்கினால், அதை நான் எப்படி நம்புவேன்? ஊற்றியது மருத்துவச்சி, சொன்னது நான் என்று சொன்னேன்.

சாமியார் தெக்கத்திக்காரர், நல்ல மனுஷர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும், திட்டித் தீர்த்திருப்பேன். அவர் கண் கலங்கித்தான் சொன்னார்.

"ஊத்துனவங்களே சொல்லியிருக்கணும்மா. அந்தம்மாவே சொல்லியிருந்தாக்கூடச் செல்லும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் கதையில் பூசாரிமேல் பழி போடவும் வழியில்லை. புத்தகத்தில் இருந்ததை அவர் சொன்னார். ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்கு நரகம் இல்லை, மோட்சமும் இல்லை. தனியாக ஓர் இடம். அங்கே வேதனை கிடையாது, சர்வேசுரனுடைய முகமும் கிடையாது. அவள் அங்கே இருப்பாள். நான் எத்தனை நல்லவளாக வாழ்ந்து செத்தாலும் அவளைப் பார்க்க முடியாது. இதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஆறுதல்.

ஞானஸ்நானம் பெற்ற குழந்தை என்றால் தலையில் பூமுடி வைத்து, மணி அடித்துக் கொண்டுபோவார்கள். எங்கள் பிள்ளைக்கு மணி இல்லை. என் வீட்டுக்காரரும் அவருடைய தம்பியும் போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். அன்றோடு அவர் கோயிலை விட்டார். எம் புள்ளைக்கு இடமில்லாத கோயிலில் எனக்கென்ன வேலை என்றார். பாஸ்கு என்கிற ஈஸ்டர் காலத்தில்கூட, பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை. ஊர் அவரைப் பேசிற்று. அவர் சட்டை செய்யவில்லை. எனக்கு அவரைப் பார்த்தால் பொறாமையாக இருந்தது.

நான் போனேன். பக்தியால் இல்லை, பயத்தால் போனேன். கோயிலை விட்டால் அடுத்த குழந்தையும் போய்விடும் என்று பயம். ஜெபமாலை சொல்லும்போது எல்லாரும் வாய் திறக்கிற இடத்தில் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். தாயே மாதாவே என்று கூப்பிட வரவில்லை. உன் பிள்ளை செத்தாலும் மூன்றாம் நாள் வந்துவிட்டானே என்று மனசுக்குள் சண்டை போட்டேன். பிறகு பயந்துபோய், அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்பேன். நவம்பர் மாதம் கல்லறைத் திருநாளில் சாமியார் மதிலுக்குள் ஒவ்வொரு குழியாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். நான் வெளியே நின்று மெழுகுவர்த்தி ஏற்றுவேன். காற்றுக்கு அது ஒரு நாளும் நின்று எரிந்ததில்லை.

இரண்டு வருஷம் கழித்து மகன் பிறந்தான். அதே மருத்துவச்சிதான் வந்தாள். இவன் பிறந்த உடனே தெருவே அதிரக் கத்தினான். அவனைக் குளிப்பாட்டிக்கொண்டே அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அன்னைக்கு நான் ஊத்துன தண்ணி பத்தலீங்களா அம்மணி? அதனாலதான் வெளிய வெச்சாங்களா?"

சாமியாரிடம் உண்மை பேசிய மகராசி நான், இவளிடம் பொய் சொன்னேன். அதெல்லாம் ஒன்றும் இல்லை, சின்னக் குழந்தையை வெளியே வைப்பது எங்கள் வழக்கம் என்றேன். உன் வாயை நான் அடைத்ததால்தான் என்று எப்படிச் சொல்வது? அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அப்புறம் அவள் கேட்கவே இல்லை.

அறுபதுகளின் கடைசியில் எல்லாம் மாறிற்று. பீடத்தைத் திருப்பிப் போட்டார்கள், லத்தீனில் இருந்த பூசை தமிழுக்கு வந்தது. புதிதாக வந்த சாமியார் சின்ன வயசுக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், ஞானஸ்நானம் பெறாமல் போன குழந்தைகளையும் கடவுளின் இரக்கம் கைவிடாது, தாய்மார்கள் வீணாகக் கவலைப்பட வேண்டாம் என்று போகிறபோக்கில் சொன்னார். மழை வரலாம், குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பூசை முடிந்து அவருடைய பங்களா வாசலுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கடவுள் அவ்வளவு சின்னவர் இல்லையம்மா, அன்றைக்கே உங்கள் குழந்தையை ஏற்றுக்கொண்டிருப்பார் என்றார்.

"அப்ப இத்தன வருசம் நான் வெளிய நின்னதுக்கு யாருங்க சாமி பதில் சொல்றது?"

அது அந்தக் காலத்து வழக்கம் என்றார். அந்தக் காலம் என்றால் ராஜா காலமா? என் மகன் அப்போது ஆறாம் வகுப்பு. ஆனாலும் அந்த இடத்தை வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிறேன் என்று அவரே சொன்னார். வீட்டில் வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் பஸ்ஸுக்குப் போகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "சட்டத்த மாத்திட்டாங்க, சரி. புள்ளைய உள்ள மாத்தி வெப்பாங்களான்னு கேட்டியா?" என்றார். நான் கேட்கவில்லை. சாமியார் சொன்னபடி வந்தார். புதர் படர்ந்து குழி எதுவென்று தெரியவில்லை. நான் கையைக் காட்டிய பக்கமெல்லாம் தெளித்தார்.

மனசு ஆறவில்லை. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அந்த வாரமே மருத்துவச்சி வீட்டுக்குப் போனேன். அவளுக்குக் கண் மங்கிவிட்டது, பிரசவம் பார்ப்பதை விட்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஊற்றுகிறவளே சொல்ல வேண்டும் என்பதுதான் விதி, நான்தான் உங்களைச் சொல்ல விடவில்லை, அதனால்தான் பிள்ளை வெளியே போயிற்று என்று சொல்லி அழுதேன். அவள் என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள்.

"நான் சொன்னேனுங்களே அம்மணி. சாவற புள்ள கையில கெடக்குது, நீங்க நல்ல வார்த்த சொல்றீங்கன்னு தெரியுது. வாய்க்குள்ளயே உங்க கூடச் சொல்லிக்கிட்டேதான் ஊத்துனேன். நீங்க வைவீங்கன்னுதான் சத்தமாச் சொல்லல."

என்ன சொன்னீர்கள், இப்போது சொல்லுங்கள் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு ஞாபகம் இல்லை. எத்தனை வருஷம் ஆகிவிட்டது, நீங்கள் சொன்னதைத்தான் சொன்னேன் என்றாள். அது நடந்ததா, அழுகிறவள் முகத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தையா, எனக்குத் தெரியாது. அடுத்த ஐப்பசியில் அவளும் போய்விட்டாள்.

சாமியார் வாசற்படியில் நின்று என்னைக் கேள்வி கேட்ட அந்தக் காலையில், அவள் எங்கள் வீட்டுப் புழக்கடையில்தான் என் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். பத்தடி இருக்கும். ஊற்றியது அவள் என்று சொன்ன பிறகும், நீ ஏதாவது சொன்னாயா என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்க சாமியாருக்கும் தோன்றவில்லை, பரிசு வாங்கிய எனக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு அவள் வெறும் கை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில், இன்னின்னதை விசுவசிக்கிறேன் என்கிற விசுவாசப் பிரமாணத்தை எல்லாரோடும் சேர்ந்து நானும் சொல்கிறேன். அதில் பாதி எனக்குச் சந்தேகம்தான், கடவுளுக்கே தெரியும். அந்தக் கிழவி சொன்னதைச் சந்தேகப்பட மட்டும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.