மாப்பிள்ளை வீட்டில் எல்லாரும் ஜோசப்

"இவர் ஏற்கெனவே கலியாணம் முடிச்சவர்" என்று திருமணப் பதிவாளர் சொன்னதும் நான் உடனே மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்ப்பாளன் எதையும் மறைக்கக் கூடாது என்பது விதி. முதலில் மூச்சு விடக் கூடாது என்று விதி இல்லை. (அவர் பேசியது ஜெர்மன். என் வாயில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வரும்.)

எண்பதுகளின் நடுப்பகுதி, ரைன் கரையில் ஒரு சிறு நகரம். என் பக்கத்தில் இருந்தவள் வசந்தி. அகதி விடுதியில் இருந்தாள். அவளுடைய தஞ்ச விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். அடுத்த கதிரையில் மாப்பிள்ளை ரெனே. கியூபெக்கில் பிறந்த பிரெஞ்சுக் கனேடியன், தெற்கே கனேடியப் படைமுகாமில் சமையல்காரன். அடுத்த மாதம் அவனை நாட்டுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். அதற்குள் பதிவு நடக்காவிட்டால் அவன் கனடாவுக்கு, அவள் கொழும்பு விமானத்துக்கு.

கேட்ட பத்திரங்கள் எல்லாம் சரியாக இருந்தன. ரெனே அத்தோடு நின்றிருக்கலாம். முன்னோரைத் தேடுவது அவனுடைய பொழுதுபோக்கு. விடுமுறைகளில் ஊர்த் தேவாலயப் பதிவேடுகளில் துருவி எடுத்த வம்ச மரத்தை, நல்ல குடும்பம் என்று காட்டுவதற்காக மேசையில் விரித்தான். கேட்காத காகிதத்தை அரச மேசையில் வைக்கக் கூடாது என்று என்னிடம் கேட்டிருந்தால் இலவசமாகவே சொல்லியிருப்பேன்.

"இஞ்ச பாருங்கோ" என்று பதிவாளர் விரலை வைத்தார். "ஜோசப், கலியாணமானவர். இவரின்ர பிறப்புப் பத்திரத்திலயும் ஜோசப். அதே தகப்பன், அதே தாய்."

"அது என்ர அண்ணன்" என்றான் ரெனே தன் ஓட்டை ஜெர்மனில். "நானும் ஜோசப். தம்பியும் ஜோசப். அப்பாவும்தான்."

"உங்கட வீட்டில வேற பேரே கிடைக்கேல்லையோ?"

ரெனே விளக்கினான். அவர்கள் ஊரில் ஆண் குழந்தை எல்லாம் ஞானஸ்நானத்தில் ஜோசப், பெண் எல்லாம் மரி. கடைசியில் வைக்கும் பெயர்தான் கூப்பிடுகிற பெயர். மரத்தில் இடம் போதாததால் முதற்பெயரை மட்டும் எழுதினானாம். அதோடும் நிறுத்தவில்லை. பாட்டன் ஒருவருக்குப் படையில் வைத்த பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டதால், பிள்ளைகளில் பாதிப் பேர் அதையே குடும்பப் பெயராக்கினார்கள் என்றும் பெருமையாகச் சொன்னான். பதிவாளரின் முகத்தில் ஒரு மோசடிக் கும்பலே ஓடியது.

"என்னவாம், அண்ணை?" என்றாள் வசந்தி.

"உம்மட மாப்பிள்ளைக்கு ஒரு பெண்சாதி இருக்காம்."

"அது தமையன்ர மனுசி! நான் ரெலிபோனில கதைச்சனான். எங்கட ஆக்களுக்கும் வீட்டில ஒரு பேர், பள்ளிக்கூடத்தில ஒரு பேர்தானே. இந்தப் பதிவாளர் மனுசன் ஏன் பிடிவாதமா நாண்டுகொண்டு நிக்குது?"

கடைசி வசனத்தை மட்டும் கொஞ்சம் மரியாதைப்படுத்தி மொழிபெயர்த்தேன்.

சந்தேகம் வந்தால் கனடாவுக்கு எழுதிக் கேட்பதுதான் நடைமுறை. பதில் வர மாதக்கணக்காகும். நான் மேசையில் இருந்த அவருடைய பெயர்ப் பலகையைப் பார்த்தேன்.

"ஐயா, உங்கட பேருக்கு நடுவில ஒரு 'எம்' நிக்குது. அது என்ன?"

பலகையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டே சொன்னார்: "மரியா."

"அது பொம்பிளைப் பேரெல்லோ?"

"இந்தப் பக்கத்துக் கத்தோலிக்கர் ஆம்பிளைப் பிள்ளைக்கும் வைக்கிறவை. மாதாவின்ர காவலுக்கு."

"உங்கட சகோதரங்களுக்கும் வைச்சதோ?"

"ஓம், எல்லாருக்கும்" என்றவர் வம்ச மரத்தை மறுபடி பார்த்தார்.

"இவையள் காவலுக்கு ஜோசப்பை, அதுதான் சூசையப்பரை, வைச்சிருக்கினம். மாதாவின்ர புருசன்தான். உங்களுக்குத் தெரிஞ்ச குடும்பம்."

அவர் சிரிக்கவில்லை, பதவிக்கு அது அழகில்லை. தட்டச்சு இயந்திரத்தை இழுத்து, தான் அண்ணன் அல்ல, மணமாகாதவன் என்று ரெனே கொடுக்க வேண்டிய சத்தியக் கூற்றைத் தானே அடித்தார். வம்ச மரத்தை மடித்து அவனிடம் நீட்டினார்.

"இதை நான் பாக்கேல்லை."

ரெனே புறப்படுவதற்கு முன்பே பதிவு நடந்தது. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாடிக்கையாளர் முன்னோரைத் தேடட்டும், கண்டுபிடிக்கட்டும். ஆனால் அவர்களைக் கலியாணப் பதிவுக்குக் கூட்டி வர விடாதீர்கள்.